தலைகீழாகத் திருப்பியும்

நைமேகனில் மூன்றாம் நாளாக மழை.
வீட்ஸ்கெயின் மேலங்கி
நாற்காலியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
போன வியாழன் நாங்கள் கொண்டாடிய அலை
அந்த மேலங்கியின் ஈரம்தான்.
காற்றில் கலந்திருந்த நீராவி
துடிப்பு கடந்துபோன பின்னும்
தன்பாட்டுக்கு முணுமுணுத்திருக்கிறது.
அன்றைக்கு வாங்கிய கேக்கில் பாதி
இன்னும் குளிர்பெட்டியில்.
யாரும் தொடுவதில்லை.

இன்று பெட்டிக்குள் நைட்ரஜன் ஊதி உலர்த்தினோம்.
ஹீலியம் ஊற்றி முடித்த ஹார்மன்
கையுறையைக் கழற்றாமலே கேட்டார்:
"காந்தத்தைத் திருப்பத்தானே இத்தனையும்?"

இல்லை.
படிகத்துக்குள் இரும்பணுக்கள்
அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.
ஒன்று வடக்கே பார்த்தால் மற்றது தெற்கே.
பகை என்று சொல்லிவிட முடியாது.
நடுவில் ஓர் ஆக்சிஜன்,
அதன் வழியே எலெக்ட்ரான்களின் போக்குவரத்து.
அந்தக் கொடுக்கல் வாங்கல்தான்
இவர்களை இப்படி நிறுத்திவைத்திருக்கிறது.
நாங்கள் தொட நினைப்பது வீட்டுக்காரரை அல்ல,
கொடுக்கல் வாங்கலை.

ஹார்மன் தலையை ஆட்டினார்.
புரிந்ததா, குளிரா, தெரியவில்லை.

கண்ணாடியை மயிரிழை பின்னே நகர்த்தினால்
போய் வரும் ஒளி அரை பிக்கோ நொடி தாமதிக்கும்.
அதைப்போல் இரண்டு நகர்த்தலுக்குள்
மின்புலம் எழுந்து, விழுந்து, போயே போய்விடும்.
இமைப்பொழுது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது;
இங்கே அது ஊழிக்காலம்.

வால் ஆற்றுப் பாலத்தில் சரக்கு ரயில் போனால்
மேசை நடுங்கும்.
அளப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.
இரண்டு இருபதுக்கு ஒன்று.
மூன்று ஐந்துக்கு ஒன்று, அது நீளமானது.
அது போன பிறகு
திரையில் ஒரு சின்ன நெளிவு.

யாரும் வாய் திறக்கவில்லை.
கேக் ஞாபகத்தில் இருந்தது.

"புலத்தைத் திருப்பிப் போடு" என்றாள் வீட்ஸ்கெ.
சிகரம் பள்ளமாக, பள்ளம் சிகரமாக.
துடிப்போடு ஒட்டிவந்த காந்தப்புலம்தான்
அணுக்களை நேரடியாக உலுக்கியது என்றால்
நெளிவும் கூடவே கவிழ வேண்டும்.

கவிழவில்லை.

புலத்தைப் பாதியாக்கினேன்.
நெளிவு கால் ஆனது.
மறுபடி. அரைக்குக் கால்.
மறுபடி.
எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே விதமாக
நெகிழ்ந்து கொடுத்தது
இருவருக்கும் நடுவில் இருந்த அது.

ஹார்மன் கையுறையைக் கழற்றினார்.

வீட்ஸ்கெ எழுந்து
ஈர மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்
நடைவழியின் கடைசிக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள்.
கதவை இழுத்துச் சாத்தினாள்.
"முதலிலிருந்து."

நான்கு பத்து ரயிலுக்கு
இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.