ஏழாம் கட்டம்

கூடலூர் தாலுகா ஆபீஸ் வாசலில்
ஒரு நீலத் தார்ப்பாய், ஒரு மேஜை, நான்.
மனு எழுதப் பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
எனக்கொரு நாற்காலி,
வருகிறவர்களுக்கு ஒரு ஸ்டூல்.

ஆடி மழை.
மிளகுத் தோட்டத்து வர்கீஸ் ஜீப்பை விட்டு இறங்கும்போதே
ஸ்டூலைத் துண்டால் துடைத்துவிட்டேன்.
ரிட்டயர்டு வாத்தியாருக்குத் துடைக்கவில்லை,
"உக்காருங்க சார்" என்றேன்.
மரம் வெட்ட அனுமதி கேட்டு வந்த காண்ட்ராக்டர்
நான் சொல்லுமுன்பே உட்கார்ந்தார்.
அதுவும் சரியாகத்தான் பட்டது.

யோகேஸ்வரி சேரம்பாடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
தார்ப்பாயின் ஓரத்தில் நின்றாள்,
ஒரு தோளில் மட்டும் சொட்டுகிற இடத்தில்.
மகளுக்கு நர்சிங் சீட்டு.
சாதிச் சான்றிதழ் வெள்ளிக்குள் வேண்டும்.

பெயர். வயது. டிவிஷன். லயத்து எண்.
பேனா ஏழாம் கட்டத்துக்கு வந்தது.
சொன்னாள்.
அவள் குரல் தாழவில்லை,
நான்தான் அக்கம்பக்கம் பார்த்தேன்.
எழுதுவதற்குள் கண் ஒருமுறை
ஸ்டூலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது,
கல்லாப்பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல.

"ஐம்பதுக்கு முந்தின ஆதாரம் ஏதும் இருக்கா?"

"ஐம்பதில தாத்தா மஸ்கெலியாவில கொழுந்து எடுத்தாரு.
அங்க எங்கள இந்தியாக்காரன்னாங்க,
இங்க சிலோன்காரங்க.
இந்த ஒத்தச் சொல்லு மட்டும் ரெண்டு கரையிலயும் மாறல.
கப்பல்லயே அதக் கேட்டுட்டுத்தான்
பக்கத்துல பாய் விரிச்சாங்களாம்.
அப்ப யாரும் ஆதாரம் கேக்கல."

மனுவை நானே உள்ளே கொண்டுபோனேன்.
தாசில்தார் நாற்காலியில் வெள்ளைத் துவாலை.
ஹெட்கிளார்க்குக்குச் சுழல் நாற்காலி, துவாலை கிடையாது.
கிளார்க்குக்குப் பிரம்பு, நடுவில் ஓட்டை.
பத்தொன்பது வருடமாக இந்த மூன்றுக்கும் எதிரே
நின்றுகொண்டுதான் பேசுகிறேன்.
முழங்கால் வலித்தால் சுவரில் காலண்டரைப் பார்ப்பேன்.

"திங்கட்கிழமை வரச் சொல்லு" என்றார் பிரம்பு.

வெளியே மழை வலுத்திருந்தது.
திங்கள் என்றதும் யோகேஸ்வரி சிரித்தாள்.
அடுத்த பஸ் ரெண்டரைக்குத்தான்.
புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே கேட்டாள்:
"ஸ்டூல் காலியாத்தானே கெடக்கு?"

"அதுக்குக் கால் ஆடும்மா" என்றேன்.

ஆடும் என்பது உண்மை.
மூன்று வருடமாக ஆடுகிறது.
வர்கீஸிடம் சொன்னதில்லை.