மூன்றாம் கடைக்கு ஐஸ்

நிதெரோய் மீன் சந்தைக்கு
விடிகாலை நாலு மணிக்கு ஐஸ் வண்டி வரும்.
ஒடாயிர் கையில் ஒரு தாள்.
தாளை அச்சடிப்பது ஜுசாராவின் நிரல்.
நிரலுக்குள் ஓர் அட்டவணை,
ஒன்று முதல் ஒன்பது வரை கடைகள்.
லுவா ஒன்றிலிருந்துதான் எண்ணும்;
பூஜ்ஜியத்தில் யார் கடை போடுவார்கள்?

அதே அட்டவணைக்குள்
எண் இல்லாத சிலதும் குடியிருந்தன:
ஐஸ் விலை, வண்டியின் பதிவெண், காவலாளியின் போன்.
பெயர் சொன்னால் வரும்.
வரிசையில் நிற்காது.
எல்லாரும் வாருங்கள் என்றால்
யார் முதலில் என்று யாருக்கும் தெரியாது.

செவ்வாயன்று மூன்றாம் கடை அனீசியு இறந்துபோனார்.
புதன் இரவு ஜுசாரா
மூன்றுக்கு நேரே 'இல்லை' என்று எழுதினாள்.
அவ்வளவுதான் செய்தாள்.

வியாழன் காலை
இரண்டே கடைகளுக்கு ஐஸ் இறங்கியது.
ஒடாயிர் தாளைத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் வெறுமை.
ஏழாம் கடை ஸொராய்ஜியின் மத்திகள்
பத்து மணிக்குள் கண் மங்கிவிட்டன.
"செத்தது அவர். எனக்கு எதுக்கு ஐஸ் இல்ல?"
போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தாள் ஜுசாரா.

நீளம் எவ்வளவு என்று கேட்டாள்: ஒன்பது என்றது.
ஒவ்வொருவராய்ப் போ என்றாள்: இரண்டோடு நின்றது.
படிவத்திலிருந்து மூன்றை எடுத்துத் தேடினாள்,
அது மேற்கோள்குறிக்குள் இருந்தது.
குறிக்குள் இருக்கும் மூன்று எண்ணல்ல,
மூன்று என்று பெயர் வைத்த வேறொரு ஆள்.
அந்த ஆள் இந்தச் சந்தையிலேயே இல்லை.

இடத்தையே நீக்கிவிடலாம்.
நாலு மூன்றாகும், ஐந்து நாலாகும்,
ஸொராய்ஜி ஆறாவாள்.
அவள் பலகையில் ஏழு
நீலத்தில் இருபத்திரண்டு வருடமாய்.
அந்தப் போனை மறுபடி எடுக்கத் தெம்பில்லை.

கடைசியில் மூன்றில் 'பொய்' என்று வைத்தாள்.
பொய் என்பது ஏதோ ஒன்று இருப்பது.
வரிசை அதன்மேல் கால் வைத்துக் கடந்துவிடும்.
'இல்லை'யின் முன்தான் நின்றுபோகும்,
பாலம் முடிந்த இடத்தில் நிற்பதுபோல.

வெள்ளிக்கிழமை எட்டுக் கடைக்கும் ஐஸ்.
இரவு அவள் இன்னொரு வரி சேர்த்தாள்,
எண்ணால் அல்ல, அனீசியு என்ற பெயரால்:
இரண்டு பெட்டி, நொறுக்கியது.
எந்தக் கூட்டலிலும் அது சேராது,
எந்தத் தாளிலும் வராது.
ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள்.
இரண்டு பெட்டி, நொறுக்கியது, என்றது திரை.

வியாழக்கிழமை மத்திக்கு யார் பணம் தருவது என்பது மட்டும்
இன்னும் முடிவாகவில்லை.