எதிர்ப்பெட்டி

ஆளைப் பார்த்தால் எடை சொல்லிவிடுவேன்.
பூ வைத்த அந்த அக்கா எழுபத்து நாலு.
கூட வரும் ஒல்லிப் பையன் முப்பது.
மடியில் கைக்குழந்தை; அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.
காசிமேட்டில் ஆறு வருஷம் மீன்கூடை தூக்கியவள்,
தராசு என் இடுப்பிலேயே இருக்கிறது.

மூன்றாம் பெட்டியில் கனம் ஏறினால்
எதிரே பதினொன்றிலும் ஏறணும்.
இல்லாவிட்டால் ராட்டினம் ஒரு பக்கமாய் இழுக்கும்,
மோட்டார் முனகும்,
பிரேக்கில் கால் வைத்தபடி மோசஸ் அண்ணன்
என் அம்மாவை விசாரிப்பார்.
அதனால் காதலர்களுக்கு எதிரே
மஃப்டியில் வந்த ஏட்டையாவை வைப்பேன்.
இவர் மேலே போகத்தான் அவர்கள் கீழே வருகிறார்கள்.
இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம்
டெல்லி அப்பளம் வாங்கப் போய்விடுவார்கள்.

எண்ணூர் ரோட்டை ஒட்டின மைதானம்.
வேலிக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள்
எங்கள் கியூவைவிட நீளமாய் நிற்கும்.
நாளுக்கு நானூற்றைம்பது.
மழை பெய்தால் சைபர்.
ஒண்ணுக்குப் போக பெட்ரோல் பங்க் வரை நடக்கணும்,
ஆறு மணிக்கு மேல் நான் தண்ணீர் குடிப்பதில்லை.
வாந்திக்கு ஒரு வாளி மணல்.
மிளகாய் பஜ்ஜி மட்டும் இலவசம்,
ஆறினது.

மேலேயிருந்து ஏதாவது விழுந்துகொண்டே இருக்கும்.
நாற்பது நாளில் பதினேழு ஒற்றைச் செருப்பு,
ஒரு பல்செட்.
பல்லைத் தேடி மட்டும் ஆள் வந்தது.

சனிக்கிழமை கோதண்டம் வந்தான்.
வெள்ளிதோறும் எங்கள் தெருமுனையில் பைக்கை நிறுத்தி
"இன்னாமா நாகபூசணம், டியூ இன்னா ஆச்சு?" என்று
பத்து வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுகிற
அதே கோதண்டம்.
கையில் மகள்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, கதவுக் கொக்கியைப் பார்த்தான்.
எண்பத்தைந்தும் இருபத்திரண்டும்.
ஒன்பதாம் பெட்டியில் போட்டு அடைத்தேன்.

எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர்காரன் டீசலுக்குப் போயிருந்தான்.
ஒன்பது உச்சியில்.
இருட்டில் எல்லாரும் கத்தினார்கள்,
எனக்கு ஒரே குரல்தான் கேட்டது:
"கீழே யாருனா கீறீங்களா?"

கீறேன் என்று
நான் உடனே சொல்லவில்லை.

கையால்தான் சுற்றணும்.
இறங்க இறங்க அந்தப் பக்கம் லேசாகும்,
இந்தப் பக்கம் தறிகெட்டு ஓடி வரும்.
காலியான பெட்டிகளில் எங்கள் ஆட்களே ஏறினார்கள்,
பஜ்ஜிக்காரர், டிக்கெட் வரலட்சுமி,
மரணக் கிணற்றில் பைக் ஓட்டும் ரஷீத்.
ஒன்பதுக்கு எதிரே ஒன்று.
நான் ஐம்பத்தெட்டு.
மடியில் இரண்டு மணல் மூட்டை வைத்தார் மோசஸ் அண்ணன்.
ஒரு கிலோ உதைத்தது. விட்டுவிட்டோம்.

அவன் இறங்க நான் ஏறினேன்.
பாதி வட்டத்தில் இரண்டு பேரும் ஒரே உயரம்.
நடுவில் இரும்பு, இருட்டு.
பாப்பா கையாட்டினாள்,
யாருக்கென்று தெரியாமல்.
மூட்டையை விட்டுவிட்டு
என்னால் பதிலுக்கு ஆட்ட முடியவில்லை.

உச்சிக்குப் போனேன், முதல் தடவை.
திருவொற்றியூர் முழுக்கக் கருப்பு.
மணலிப் பக்கம் அந்த ஒரு நெருப்பு,
கடலில் இடம் கிடைக்காமல் நிற்கும் கப்பல்களின் விளக்கு.
எங்கள் தெரு எதுவென்று தேடினேன், பிடிபடவில்லை.
இங்கிருந்து கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது.
கொஞ்ச நேரம் சும்மா குந்தியிருந்தேன்.
கீழே கோதண்டம் மகளைத் தூக்கிக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டினான்.

அடுத்த வெள்ளி வந்தான்.
அதே தெருமுனை, அதே தொண்டை.
எண்ணூறு கொடுத்தேன்,
மேலே ஒரு செருப்பும் வைத்தேன்.
ரோஸ் கலர், பட்டாம்பூச்சி ஒட்டினது, இடது கால்.
செருப்பைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
நோட்டில் பாக்கி முந்நூற்றைம்பது என்று எழுதினான்.
செருப்பைப் பணப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தான்.

எண்பது கிராம் இருக்கும்.