விளிம்பில் எட்டு

பிப்ரவரி, செவ்வாய் இரவு, லீக் ஆட்டம்.
டுலூத்தின் கரையில் ஏரி
பாளம் பாளமாய் உறைந்து கிடந்தது.
டார்லாவின் பாரில் ஹீட்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும்.
மேசை மறுபக்கம்.

நடுவர் நான்.
பகலில் கவுண்டி அலுவலகத்தில் வீட்டுவரி பார்ப்பவள்.
விதிப்புத்தகம் என் கைக்கு வந்ததற்கு
தகுதி காரணமில்லை.
மற்றவர்கள் வாங்க மறுத்தார்கள்.

மெர்ல் ஹாகனின் கோடிட்ட பந்துகள் ஏழும் போய்விட்டன.
மிச்சம் எட்டு, கறுப்பு.
மூலைக் குழியின் உதட்டில்
யாராவது தும்மினால் போதும் என்று நின்றது.
"அந்த மூலை" என்று கியூவால் காட்டினான்,
காட்ட வேண்டிய அவசியமே இல்லை.
வெள்ளையை அடித்தான்.

வெள்ளை பாதி தூரம் போயிருக்கும்,
வெளியே சரக்கு ரயில்.
அலமாரியில் கோப்பைகளுக்குப் பல் கிட்டியது.
எட்டு, யாரும் தொடாமல்,
தானாக உள்ளே இறங்கிப் போனது.

காக்கை இன்னும் உட்காரவே இல்லை,
பனம்பழம் விழுந்துவிட்டது.

காக்கை பின்னாலேயே வந்தது.
காலியான உதட்டைத் தாண்டி
அதே குழிக்குள், அதே சத்தத்தோடு.

மெர்ல் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான்.
தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஐலா ரின்னே, தோற்றதாய் நினைத்து,
கியூவின் திருகைக் கழற்றத் தொடங்கியவள்,
பாதியில் நிறுத்தினாள்,
மறுபடி முறுக்கினாள்.

எட்டு விழுந்தது, ஜெயித்தான் என்றது ஒரு மேசை.
எட்டோடு வெள்ளையும் போனால் தோல்வி என்றது இன்னொன்று.
ரயில்வே கம்பெனிக்குப் புள்ளி கொடு
என்றான் ஓடெல், சிரிக்காமல்.

புத்தகத்தில் இருந்தது. எனக்கே ஆச்சரியம்.
வெள்ளை போய்ச் சேருமுன்
குறிவைத்த பந்து தானே விழுந்தால்
இரண்டையும் இருந்த இடத்தில் வை.
இருந்த இடம் எது என்று
எழுதியவர் சொல்லவில்லை.

வெள்ளைக்குச் சிரமமில்லை,
துணியில் நீலச் சாக் கறை இருந்தது.
எட்டை வைத்தேன். விழுந்தது.
மூச்சடக்கி வைத்து, விரலை எடுத்தேன்.
விழுந்தது.
ரயில் இன்னும் போய்க்கொண்டே இருந்தது.
வீட்டுவரியில் இப்படி வராது.
வேலி நகர்ந்தால்கூட எல்லைக்கு ஒரு கல் இருக்கும்.
அரை அங்குலம் பின்னால் வைத்தால் நிற்கும்,
ஆனால் அது வேறு எட்டு, வேறு ஆட்டம்.

"அங்கே இல்லை" என்றாள் ஐலா.
அவள் வாயைத் திறக்க வேண்டிய கட்டாயமே இல்லை.
"எண் ஜன்னலைப் பார்த்து இருந்தது.
இடது பக்கம், சிகரெட் சுட்ட புள்ளி தெரிகிறதே,
அதன் மேல்."
கால் மணி நேரமாய்
அவள் வேறு எதையும் பார்க்கவில்லை.
மெர்லைக் கேட்டேன்.
"உதட்டில் இருந்தது" என்றான்,
அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவளே வைத்தாள்.
நின்றது.

மெர்ல் குனிந்தான். நிமிர்ந்தான்.
கடைசிப் பெட்டி போகட்டும் என்று காத்திருந்தான்.
அதற்குக் கால வரம்பு உண்டா என்று யாரோ கேட்டார்கள்.
தெரியாது என்றேன். தேடவும் இல்லை.

அடித்தான், பால்குடத்தை இறக்கி வைக்கிற மெதுவில்.
எட்டு போனது.
வெள்ளை பின்னால் ஊர்ந்து
அதே உதட்டில், அதே சுட்ட புள்ளியில் வந்து நின்றது.
நின்றதா?
நின்றதென்று கொள்ள
ஐந்து விநாடி வேண்டும் என்கிறது புத்தகம்.

யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.
எல்லோரும் ரயிலுக்குக் காது கொடுத்தோம்.
நான் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.
ஐலாவும் உதடசைத்து எண்ணினாள்,
என்னைவிட மெதுவாக.