அரைப்பேர்

ஹட்டன் ஸ்டேஷன் ரோட்டில்
பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
படியேறும்போது மாலு பாண் வாசனை,
ஏறி முடித்தால் மழை.
கொழுந்து நிறுக்கும் தராசுகளுக்கு மென்பொருள் செய்கிறோம்.
பதினோரு தோட்டம், நாற்பத்தாறு மடுவம்.
பில்ட் ஓடும்போது ஒவ்வொரு தராசின் நெற்றியிலும்
அதனதன் மடுவத்தின் பேரை ஒட்டிவிடும்
முந்நூறு வரி ஸ்கிரிப்ட் ஒன்று.
அது என் பொறுப்பு.

அந்த மொழிக்கு எல்லாமே சரம்.
எண்ணும் சரம், ஆம் இல்லையும் சரம்,
பட்டியல் என்று ஒன்று கேட்டால்
அரைப்புள்ளி வைத்துக் கோத்த
இன்னொரு சரத்தை நீட்டும்.
மேற்கோள் குறி போட மறந்தேனோ,
பேச்சியம்மன் கோவில் மடுவம்
பெரட்டுக்கு வந்த மூன்று ஆளாகத்
தள்ளித் தள்ளி நிற்கும்.
இரண்டு முனையிலும் கொக்கி மாட்டினால்
மறுபடி ஒரே ஆள்.

முன்னும் பின்னும் ஒட்டிய வெற்றிடத்தை
உதறிவிடவும் ஒரு கட்டளை உண்டு.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ
கழிப்பார்களே, அந்த மாதிரி.
ஆனால் இது
இல்லாததைக் கழிக்காது.

செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு குரல்.
நிறுவைக்கு வரிசையில் நின்ற செல்லக்கிளி:
"என்னா மிஸ்,
அம்மனுக்கே அரைப்பேர் போட்டுட்டீங்க?"
பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள்.
ஈரக் கொழுந்து கொட்டும் சத்தம்.
கூடவே ஒரு போட்டோ:
பச்சை வெளிச்சத்தில் 'பேச்சி',
அதை ஒட்டிக் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

பக்கத்து மேசை கயானுக்கு
அரைப்பேர் என்றால் என்னவென்று
சொல்ல வேண்டியிருந்தது.
பதினெட்டுக் கிலோ கேட்ட நாளில்
பதினைந்து கொண்டுவந்தால்
செக்ரோலில் அரை நாள்.
மலை ஏறியது முழு ஆள்.
அட்டை கடித்ததும் முழுக் காலை.

நீளம் என்ன என்று ஸ்கிரிப்டிடம் கேட்டேன்.
எழுபத்து நான்கு என்றது.
விரல் விட்டு எண்ணினேன்:
பதினாலு எழுத்து, இரண்டு இடைவெளி.
அது எழுத்தை எண்ணவில்லை, பைட்டை எண்ணுகிறது.
ககரத்துக்கு மூன்று, கொம்புக்குத் தனியே மூன்று,
புள்ளி வைத்த மெய்யென்றால்
அந்தப் புள்ளிக்கும் மூன்று.
ஆங்கிலத்தில் எழுதிய அப்பர் டிவிஷன்
பதினாலோடு சிரமமில்லாமல் உள்ளே போய்விட்டது.
அம்மன் இருபதில் மாட்டிக்கொண்டாள்,
யகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு
உள்ளே, மிச்சம் மழையில்.

இருபது என்று வெட்டச் சொன்ன முட்டாள் யார்?
வரியின் வரலாற்றைத் திறந்தேன்.
போன டிசம்பர், இரவு பதினொன்று நாற்பது,
என் பேர்.
முழுசாக, ஆங்கிலத்தில்.

"நம்பர் போட்டுவிடலாமே," என்றான் கயான்,
"மடுவம் முப்பத்தொன்று. வெட்ட எதுவுமே இருக்காது."
கெட்ட எண்ணமில்லை அவனுக்கு.
பசிக்குது, ஆறு மணி பஸ் வேறு.
நான் பதில் சொல்லவில்லை.
இருபதை அழித்து நூற்றைம்பது என்றேன்.
திரையில் கொள்ளாத பேரை
மெதுவாக நடக்கவிட்டேன், வலமிருந்து இடமாக.
கரண்ட் போய் வந்தது இரண்டு தடவை.
மூன்றாவது பில்ட் பச்சை.

வியாழக்கிழமை மறுபடி செல்லக்கிளி.
இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் இல்லை, காற்று மட்டும்.
"அம்மன் முழுசா நடந்து போறா மிஸ்,
நின்னு பார்த்தோம்.
எனக்கு இன்னிக்கு பதினேழுதான்."

ஒட்டலாம், வெட்டலாம், தேடலாம், மாற்றலாம்
என்று ஒரு பக்கம் நிறையக் கட்டளைகள்.
மேலிருந்து கீழே படித்தேன்.
கீழே பேக்கரியில்
ஷட்டரை இழுத்துச் சாத்தினார்கள்.