பென்சிலின் ஒரு சுற்று

குளியலறையை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று
மேல்தட்டைக் காலி செய்தேன்.
இறுகிப்போன பெயின்ட் டப்பா, ஒற்றை ஸ்கேட்டிங் ஷூ,
ஒரு கேசட்.
உறையில் ஊதா மையில் என் பதினேழு வயது:
"ஊர்வேயுடையது. தொட்டால் தெரியும் சேதி."

கீழ்வீட்டு ரெனாத்திடம் டேப் ரெக்கார்டர் இருந்தது.
ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார்,
எதற்கென்று சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் தாலினில்
கடலுக்கு அக்கரையிலிருந்துதான் பாட்டு வரும்.
காற்று நல்லபடியாக இருந்தால்
ஹெல்சின்கி எங்கள் சமையலறைக்குள்ளேயே இருக்கும்.
அவர்கள் மொழியும் எங்கள் மொழியும் அக்கா தங்கை;
பாதி புரியும், பாதி கேலி செய்வதுபோல் இருக்கும்.
ரேடியோவின் வாயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு
மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.
ஆனாலும் எல்லாம் உள்ளே நுழைந்துவிட்டிருக்கிறது:
அம்மாவின் மூடித் தட்டு,
கோப்லித் திருப்பத்தில் டிராம் போடும் கிறீச்.
அந்தக் கிறீச்சுக்கு அப்புறம்தான்
அந்தப் பெண் "போகாதே" என்று பாடுகிறாள்.
நாற்பது வருஷமாக அது பாட்டிலேயே உள்ள வாத்தியம்
என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும்
கேசட்டை வெளியே எடுத்து
பல்லுக்குள் பென்சிலை நுழைத்து
ஒரே ஒரு சுற்று.
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
கொஞ்சம் மூச்சு வேண்டுமே.
அந்த இடம் காலி என்று நினைத்தேன்.

காலி இல்லை.

முதல் பாட்டு முடிந்து, கரகரப்பு,
பிறகு ஒரு பையன்:
"...வ… வ… வடமேற்குக் காற்று, மாலையில்…"
இரண்டாவது பாட்டு அவன்மேல் ஏறி உட்காருகிறது.

ஹெய்கி.
என் அண்ணன், பத்தொன்பது வயதில்.
வாய் திக்கும். கடைக்குப் போனால்
ரொட்டியை விரலால் காட்டுவான்.
அப்பாவின் பழைய நாளிதழில்
கப்பல்காரர்களுக்கான வானிலையை
யாரும் இல்லாத மதியங்களில் வாசித்துப் பழகியிருக்கிறான்.
அறிவிப்பாளன் ஆகவா, வெறுமனே
ஒரு வாக்கியத்தின் அக்கரைக்குப் போய்ச் சேரவா,
கேட்டதே இல்லை.

அறுபது நிமிஷப் பயிற்சி.
அதன்மேல் பதினாறு காதல் பாட்டு.
மிச்சம்,
பென்சில் சுற்றிய அளவுக்கு அவன்:
"...அலையின் உ… உயரம்…"
"...பார்வைத் தூரம் குறைவு. ப… பனி…"
ஓர் இடத்தில் வானிலையே இல்லை.
"சே" என்கிறான், தெளிவாக, திக்காமல்.

அவன் இப்போது ஔலுவில் கிரேன் ஓட்டுகிறான்.
அம்மாவின் படகுக் கொட்டகையை விற்ற பணம்
எங்களுக்குள் ஆறு வருஷமாகக் கிடக்கிறது,
யாரும் அள்ளாத மீன் செதில்போல.
மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் எண்களை அழுத்தினேன்.
எதற்கு என்பதில் எனக்கே தெளிவில்லை.

"அந்தக் கேசட் கிடைத்தது. நீ அதில் இருக்கிறாய்."

அந்தப் பக்கம் ஏதோ எந்திரம் ஓடி நின்றது.

"மூ… மூணாவது பாட்டுக்கு அப்புறம் அலை உயரம்," என்றான்.
"ஏழாவதுக்கு அப்புறம் பனி.
அதுக்கு அடுத்து உன் பொம்பளை
பா… பாதியிலேர்ந்து ஆரம்பிப்பா.
நீ எப்பவும் லேட்டாத்தான் அமுக்குவே."

எனக்கு வார்த்தை வரவில்லை.
"தொட்டால் தெரியும் சேதி" என்று எழுதிவைத்ததை
எத்தனை ராத்திரி தொட்டானோ.

"நீ ஏன் அப்பவே கத்தலை?"
"கத்தறதுக்கும் வா… வாய் வேணுமே," என்று சிரித்தான்.
பிறகு கொட்டகையைப் பற்றிப் பேசினோம்.
சண்டை தீரவில்லை. நன்றாகவே போட்டோம்.

ஐந்தே முக்காலுக்கு ரெனாத் கதவைத் தட்டினார்.
இரண்டாம் பக்கம் இன்னும் கேட்கவில்லை.
மேஜை அறையில் பென்சில் தேடினேன்,
கிடைத்ததெல்லாம் வட்டப் பேனா;
பல்லில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது.