இடது முன்சக்கரத்தில் ஒரு கல்

சக்கரங்களைப் பார்ப்பதுதான் என் வேலை.
மற்றவர்களுக்கு அடிவானம், பாறை அடுக்கு, தூசிச் சுழல்.
ஓவ்சன்னா
வற்றிப்போன ஏரியின் கரையைத் தேடுகிறாள்.
எனக்கு வருவதெல்லாம் ஆறு சக்கரங்களின் படம்.
அலுமினியத் தோலில் புதிதாக எத்தனை கிழிசல்,
எண்ணிச் சொல்ல வேண்டும்.

பெருங்குழியின் உதட்டைத் தாண்டி இறங்கிய இரண்டாம் நாள்
இடது முன்சக்கரத்துக்குள் அதைப் பார்த்தேன்.
அவகாடோ கொட்டை அளவு.
எப்படி ஏறிக்கொண்டது, தெரியவில்லை.
மூன்று நாள் விருந்தாளி என்று நினைத்தேன்.
நூற்று எண்பத்தாறு நாள் இருந்தது.

நாள் என்றால் அங்கத்து நாள்.
நம்முடையதைவிட நாற்பது நிமிடம் நீளம்,
கறாராகச் சொன்னால் இருபத்தைந்து வினாடி குறைவு.
இன்று காலை ஆறுக்குத் தொடங்கும் ஷிப்ட்
இரண்டு வாரத்தில் பிற்பகல் மூன்று இருபதுக்கு நகர்ந்துவிடும்.
செவ்வாயில் இருந்ததால்
செவ்வாய்க்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமல் போனது.
ஜன்னல் முழுக்க அலுமினியத் தாள் ஒட்டித்
தூங்கினேன், பசடேனாவின் வெயிலுக்குக் கீழே.
கீழ்வீட்டு கெசாடா அம்மாள்
போலீசைக் கூப்பிடலாமா என்று யோசித்தாளாம்.
பின்னால் சொன்னாள், சிரிக்காமல்.

வண்டியை ஓட்டுகிறாயா என்று கேட்பார்கள்.
யாரும் ஓட்டவில்லை.
கடிதம் எழுதுகிறோம்.
நான்கு மீட்டர் போ, நில், திரும்பிப் பார்.
பதினொரு நிமிடம் கழித்து அது படிக்கிறது.
வழுக்கியதா, புதைந்ததா என்று
இங்கே நாங்கள் நகம் கடிக்கும்போது
அங்கே எல்லாம் முடிந்து
குளிர் இறங்கிக்கொண்டிருக்கும்,
சின்னச் சூரியனைச் சுற்றி நீலமாக ஒரு அந்தி.

குழியின் அடியில் மணல் அலைகள்.
ஒன்றில் சிக்கி ஐந்து நாள் சுற்றியது, சுற்றிய இடத்திலேயே.
டெஸ்மண்ட் தன் பாதி சாண்ட்விச்சை மேசை விளிம்புவரை தள்ளிக்காட்டி
'பின்னால் போவோம், வந்த தடத்திலேயே' என்றான்.
அந்த வாரத்து ஒலிப்பதிவில் முதன்முறையாகக் கேட்டது:
உண்டியலில் ஒற்றைக் காசு உருளும் சத்தம்.
எல்லோரும் ஹெட்போனைக் கைமாற்றிக் கேட்டோம்.
யாரோ கல்லுக்குப் பெயர் வைக்கப் பார்த்தார்கள்.
யாரோ அதை அகதி என்றார்கள்.
ஓவ்சன்னா ஹெட்போனைக் கழற்றினாள்.
'கல். அவ்வளவுதான். விடுங்கள்.'

ஆனால் கவலைப்பட்டவளும் அவள்தான்.
விளிம்பில் பிறந்த கல் அது.
ஏழு கிலோமீட்டர் தள்ளி, களிமண் படிவில் விழுந்தால்
என்றைக்கோ அங்கே போய் நிற்கப்போகிற ஒருத்தி
குனிந்து எடுப்பாள், புருவம் சுருக்குவாள்,
பெருவெள்ளம் ஒன்று உருட்டிக்கொண்டு வந்தது என்று
முந்நூறு பக்கம் எழுதிவிடுவாள்.
'விழுந்த இடத்தை எனக்குச் சொல்.
சென்டிமீட்டர் வரைக்கும்.'

சொல்ல முடியவில்லை.

குழியைவிட்டு மேலேறும் சரிவில் நடந்திருக்க வேண்டும்,
இரண்டு படங்களுக்கு நடுவே, பதினெட்டு மீட்டரில் எங்கேயோ.
அப்போது நான் கொலராடோ தெருவில்
அதிகாலை நாலு மணி டோனட் கடையில்
சில்லறைக்காகக் காத்திருந்தேன்.
படம் வந்தது. சக்கரத்துக்குள்
அதன் நிழல் மட்டும் இருந்தது.

பதினெட்டு மீட்டரையும் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கல், கல், கல்.
எதுவும் கையைத் தூக்கவில்லை.

ஓவ்சன்னாவிடம் பதினெட்டு மீட்டர் என்றேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தன் வரைபடத்தில்
அந்தச் சரிவின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு இழுத்து
ஓரத்தில் எழுதினாள்:
இங்கே ஒன்று எங்களுடையது.

படிவத்தைத் திறந்தேன்.
வெளிப்பொருள்: இல்லை.
கிழிசல்கள்: நேற்றைவிட இரண்டு கூடுதல்.